சரக்கும் சான்றும்

பொதிகை மலையில் தோன்றி, பாபநாசத்தில் சமநிலம் அடைந்து, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, திருவைகுண்டம் முதலிய ஊர்களை வளப்படுத்திக் கடலிற் கலக்கும் ஆறு தாமிரபரணி. பழந்தமிழ் நூல்கள் இதனைப் பொருநை என்று போற்றும். இவ்வாறு கடலொடு கலந்த இடத்தில் முற்காலத்தே கொற்கை என்னும் துறைமுகம் சிறந்து விளங்கியது. பாண்டியரின் முத்துக்குப் பெயர்பெற்ற அப்பட்டினம் இன்று கடலை விட்டு விலகிச் சிற்றூராய் இருக்கின்றது. அதற்கு வடக்கேயுள்ள தூத்துக்குடி 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாயிற்று. 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அன்று கொற்கையிலும் இன்று தூத்துக்குடியிலும் நடப்பது ஒரே தொழில்தான். ஒரு நாட்டுப் பொருள் மறுநாட்டுக்குச் செல்கின்றது. மறுநாட்டுப் பொருள் இந்நாட்டுக்கு வருகின்றது.

உள்ளூர்ச் சந்தையில் பானை வாங்குபவர் அதனைத் தட்டிப் பார்த்து வாங்குவர். பானையில் ஓட்டை இருந்தால் அடுத்த சந்தையில் குயவரைக் கண்டு கேட்கலாம். கடல் கடந்த வாணிகத்தில் இவ்வசதி இல்லை. விற்பவன் முகத்தை வாங்குபவன் அறியான். பொருள் கைக்கு வருமுன்னரே பணம் போய்விடுதலும் உண்டு. ‘என் சரக்கு நல்ல சரக்கு’ என்று விற்பவன் சொல்வது இயல்பு. ‘இது குறையுடையது, விலையைக் குறை’ என்று வாங்குபவன் சொல்வதும் இயல்பே. இருவர் சொல்லும் தத்தம் நலத்தைச் சார்ந்தவை. ஆதலின், உண்மையை உரைக்க இருவரையும் சாராத மூன்றாமவர் ஒருவர் வேண்டும்.

இதன் இன்றியமையாமையைச் சிலப்பதிகாரக் கதை நன்கு விளக்கும். கோவலன் மதுரையில் விற்கக் கொண்டுவந்த சிலம்பைப் பார்த்து மதிப்பிட்டவன் அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. சோதிப்பவனே குற்றவாளியாய் இருந்தமையால், குற்றமற்றவன் கள்வனானான். கொற்கை வேந்தனாகிய பாண்டியன் பிறரைக் கொண்டு சிலம்பை ஆராயாமல் கொலைத் தண்டனை விதித்தான். பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். சிலம்பை உடைத்த அளவில் உண்மை வெளிப்பட்டது; ஆயினும் போன உயிர் மீளவில்லை. தனக்கு ஊதியம் உள்ளவன் சோதகன் ஆதல் கூடாது என்பதும், சோதனை காலத்தே நிகழ வேண்டும் என்பதும் இக்கதையால் நாம் பெறும் இரு பாடங்கள்.

மேனாட்டு வாணிகரும் இவ்வுண்மையைப் பட்டறிவால் உணர்ந்தனர். பிரான்சு நாட்டின் ரூவான் துறைமுகத்தில் தானியக் கப்பல்கள் வந்து இறங்கும். ஏற்றியபோது இருந்த எடையும் தரமும் இறக்கும்போது உள்ளனவா என்பது பற்றிப் பூசல்கள் எழுவதுண்டு. 1878ஆம் ஆண்டில் அங்கே தானியத்தைச் சோதித்துச் சான்று தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒன்று தோன்றியது. எஸ்.ஜி.எஸ். என்னும் பெயரால் அஃது இன்று உலகின் பல நாடுகளிலும் பணி செய்கின்றது. அது போன்ற நிறுவனங்கள் வேறு பலவும் உள்ளன.

நெல்லைச் சீமையின் சரக்கும் இத்தகைய சோதனைக்கு உட்பட்டதே. இங்குள்ள வானம் பார்த்த நிலங்களில் விளையும் நிலவாகை என்னும் செடியின் இலையும் காயும் மலச்சிக்கலை நீக்கும் மருந்தாக அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. மேனாட்டு மருந்து நூல்கள் அதற்குத் திருநெல்வேலியின் பெயரையே இட்டு வழங்குகின்றன. இவ்விலையோடு ஆவாரை இலை கலந்துவிடுதல் உண்டு. இரண்டும் தோற்றத்தில் ஒத்தவை. ஆனால் நிலவாகையின் மருத்துவக் குணம் ஆவாரைக்கு இல்லை. கந்தக அமிலத்தில் இட்டால் ஆவாரை செந்நிறம் காட்டி வேறுபடும். கண்ணை ஏமாற்றும் கலப்படம் சோதனைச் சாலையை ஏமாற்ற இயலாது. பிறர் தம் சரக்கைச் சோதிப்பதை இவ்வூர் உழவரும் வணிகரும் இழிவாகக் கருதவில்லை. தேறிய சரக்கினால் ஊரின் பெயர் உயர்கின்றதன்றோ?

இனி, தொழிற்சாலைப் பொருள்களைச் சோதிக்கும் முறையைக் காண்போம். சோதகர் பொருள் கப்பலேறுமுன் ஆலைக்கே செல்கின்றார். மூலப்பொருள்களைப் பார்க்கின்றார், வேலை நடக்கும்போது பார்க்கின்றார், பெட்டிகளில் அடைத்த பின்னும் பார்க்கின்றார். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தல் இயலாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஆனால் அந்த ஒரு சோற்றைச் சமைத்தவரே பொறுக்கித் தருதல் ஆகாது. எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதைச் சோதகரே முடிவு செய்வார். பரவலாகக் கையாளப்படும் உலகப் பொது அட்டவணை ஒன்றின்படி, 5,000 பொருள்கள் உள்ள தொகுதியில் 200 பொருள்களை எடுத்து ஆராய்வர். சிறு குறைகள் ஓரளவு பொறுக்கப்படும். உயிருக்கு ஊறு செய்யும் குறை ஒன்று காணப்படினும் தொகுதி முழுவதையும் தள்ளுதலே வழக்கம்.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று சிலர் வினவலாம். 2007ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று அதற்கு விடை கூறும். அமெரிக்காவின் பெரிய பொம்மை நிறுவனமாகிய மேட்டல், சீன ஆலை ஒன்றில் செய்வித்த ஏறத்தாழ 15 இலட்சம் பொம்மைகளை அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றின் வண்ணப்பூச்சில் அளவுக்கு மிஞ்சிய ஈயம் இருந்ததே காரணம். ஈயம் சேர்ந்த வண்ணம் பளபளப்பாய் இருக்கும், விரைவில் உலரும். குழந்தைகளோ கையில் கிடைத்ததை வாயில் வைப்பவர்கள். உடலிற் புகுந்த ஈயம் அவர்களுடைய மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெற்றோர் கண்ணுக்கு நல்ல சிவப்பும் நச்சுச் சிவப்பும் ஒன்றே. கடைக்காரரும் அறியார். ஆலைக்குள் வண்ணம் கலக்கும்போதே அறிந்திருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டே, குழந்தைகளுக்குரிய பொருள்களை மூன்றாமவர் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. 2019ஆம் ஆண்டில் இந்தியத் தரக் கவுன்சில் என்னும் அமைப்பு, அயல்நாட்டிலிருந்து வந்து கடைகளில் விற்கும் பொம்மைகளின் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. ஆகவே 2020இல் நடுவணரசு ஆணை ஒன்று பிறப்பித்தது. 2021 சனவரி முதல் நாள் தொட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மைகளை விற்றலும் இறக்குமதி செய்தலும் தடைசெய்யப்பட்டன. இம்முத்திரையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வழங்குகின்றது. அயல்நாட்டு ஆலையும் அதனைப் பெற்றாக வேண்டும். முத்திரையோடு அச்சிட்டுள்ள உரிம எண்ணைக் கைப்பேசி வாயிலாக எவரும் சரிபார்க்கலாம்.

பொருநைக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புத் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. கடைசல் கருவியில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்கை அழுத்துவர். உராய்வினால் எழும் சூட்டில் அரக்கு உருகி மரத்திற் படியும். சிறு பானை, சிறு அடுப்பு, திருகை, உரல் என்று குழந்தைகள் விளையாடும் சொப்புகள் இவ்வாறு உருவாகின்றன. தனியாய் இருந்து பொம்மை செய்யும் கைவினைஞர் பேராலையைப் போல் சோதனைச் சாலை அமைத்தல் இயலுமா? இயலாது. இதனை உணர்ந்த அரசு, முறைப்படி பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு 2020 இறுதியில் விலக்களித்தது.

இவ்விலக்கு சலுகை மட்டுமன்று, நம்பிக்கையும் ஆகும். சோதகர் வாராத பட்டறையில் கைவினைஞரின் மனச்சான்றே சோதகர். விலை மலிவு என்று தன்மை அறியாத வண்ணத்தை வாங்கிப் பூசினால், ஆலையிற் பிறந்த நச்சுப் பொம்மைக்கும் ஆற்றங்கரையிற் பிறந்த சொப்புக்கும் வேற்றுமை இல்லாமற் போகும். குழந்தையின் வாய்க்கு உள்நாடு, அயல்நாடு என்னும் பாகுபாடு தெரியாது.

சோதகரிடத்தும் கவனம் வேண்டும். அவருக்குரிய கூலியை விற்பவரோ வாங்குபவரோதான் கொடுக்கின்றனர். பொருள் தேறினாலும் தேறாவிட்டாலும் அக்கூலி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ‘தேறியது’ என்று எழுதினால் மிகுதியும், ‘தேறவில்லை’ என்று எழுதினால் குறைவும் கிடைக்குமாயின், அவர் மதுரைப் பொற்கொல்லனின் இடத்தில் நிற்பவராவர். திருவள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என்று தனி அதிகாரம் வகுத்தமை இங்கு எண்ணத்தக்கது.

சான்று என்பது காகிதமன்று. அறியாத ஒருவர் அறியாத மற்றொருவர்க்கு அளிக்கும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி பொய்யாகாதவரை கடல் எத்துணை அகலமாயினும் வாணிகம் தழைக்கும். மாணவர் ஒவ்வொருவரும் பின்னாளில் விற்பவராகவோ, வாங்குபவராகவோ, சோதிப்பவராகவோ ஆவர். எந்நிலையில் நின்றாலும், தமக்கு வரும் ஊதியம் தம் கண்ணை மறைக்கவொண்ணாதபடி காத்துக்கொள்வதே அவர்தம் கடமை.