மகிழ்ச்சி குறைந்த ஊரில் ஒரு முஃமின்



ஆண்டுதோறும் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை, 2020ஆம் ஆண்டு முதல்முறையாக நகரங்களையும் வரிசைப்படுத்தியது. 186 நகரங்களில் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி முதலிடம் பெற்றது. காபூலுக்குக் கடைசி இடம். யமனின் ஸன்ஆவும் ஃபலஸ்தீனின் காஸாவும் அதற்குச் சற்று மேலே இருந்தன. நம் நாட்டின் டெல்லி 180ஆவது இடத்தில் இருந்தது.

இதைக் கேட்டதும் சிலர், "ஈமான் இருந்தால் எந்த ஊரிலும் சந்தோஷமாக இருக்கலாமே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வேறு சிலர், "இந்த ஊர் இப்படித்தான், திருந்தாது" என்று கைவிட்டு விடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி இந்த இரண்டும் அல்ல.

காய்ச்சல் பிடித்த மதீனா

இன்று நாம் ஏங்கும் மதீனா, ஹிஜ்ரத் நடந்த 622ஆம் ஆண்டில் நோய் நிறைந்த ஊராக இருந்தது. அல்லாஹ்வின் பூமியிலேயே அதிகம் நோய் பரவிய இடமாக அது இருந்தது என்றும், புத்ஹான் ஓடையில் கெட்டுப்போன நீர் ஓடியது என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி 1889). வந்து சேர்ந்ததும் அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். காய்ச்சல் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் நீர்ச்சுனையையும் மலைகளையும் நினைத்துக் குரல் உயர்த்திக் கவி பாடுவார்கள்.

சுடுமணலில் கிடந்தும் ஈமானை விடாதவர் பிலால். அவருக்கே ஊர் ஏக்கம் வந்தது. "உனக்கு ஈமான் குறைந்துவிட்டதா?" என்று நபியவர்கள் கேட்கவில்லை. ஆகவே காபூலிலோ காஸாவிலோ ஒருவர் "என் வாழ்க்கை கஷ்டமாக இருக்கிறது" என்று சொன்னால், அதை ஈமானின் குறையாக எண்ண நமக்கு உரிமையில்லை.

ஊருக்காக ஒரு துஆ

நபியவர்கள் துஆ செய்தார்கள். மக்காவைப் போல, அதைவிடவும் அதிகமாக மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கு என்று கேட்டார்கள். அதன் ஸாவிலும் முத்திலும் பரக்கத்தைக் கேட்டார்கள். ஊரை ஆரோக்கியமாக்கி, அதன் காய்ச்சலை ஜுஹ்ஃபாவுக்கு மாற்றிவிடு என்றும் வேண்டினார்கள். ஸாவும் முத்தும் தானியம் அளக்கும் படிகள். அதாவது அந்த துஆ மக்களின் மனம், உடல்நலம், அடுப்பங்கரை மூன்றையும் தொட்டது.

நாம் வசிக்கும் ஊரைத் தினமும் ஏசுகிறோம். அதற்காக ஒரு நாளாவது துஆ கேட்டிருக்கிறோமா?

அறிக்கை கேட்கும் கேள்வி

துஆவோடு நபியவர்கள் நிற்கவில்லை. முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் பின் ரபீஃ (ரலி) தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார். மதீனாவில் மக்கள் கேட்ட முதல் உபதேசத்தில் ஸலாமைப் பரப்புவதும், உணவளிப்பதும், மக்கள் உறங்கும் இரவில் தொழுவதும் இருந்தன (திர்மிதி 2485).

இந்த அறிக்கைக்கான ஆய்வில் மக்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: துன்பம் வந்தால் நம்பி நாடுவதற்கு உங்களுக்கு உறவினரோ நண்பரோ உண்டா? "இல்லை" என்போர் அதிகமாக இருக்கும் இடங்களில் பொதுவாக மகிழ்ச்சியும் குறைவாகவே இருக்கிறது.

சகோதரர்களே! போரை நிறுத்தும் சக்தி நம்மிடம் இல்லை. ஆனால் நம் தெருவில் தனியாக இருக்கும் விதவையும், மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் வெளியூர் இளைஞரும், நம் ஸஃப்பில் தொழும் வடமாநிலத் தொழிலாளியும் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்கள் என்பது நம் கையிலும் இருக்கிறது. ஸலாம் சொல்லி, பெயர் கேட்டு, ஒரு வேளை உணவுக்கு அழையுங்கள்.

பிழைப்புக்காக ஊர் மாறுவது குற்றமல்ல. இருக்கும் வரை அந்த ஊருக்கு நன்மையாக இருப்பதே முஃமினின் அடையாளம்.

யா அல்லாஹ்! எங்கள் ஊரை எங்களுக்குப் பிரியமானதாக்குவாயாக! துன்பத்தில் வாடும் ஊர்களுக்கு அமைதியைத் தருவாயாக! ஆமீன்.