வைட்டமின் 'டி'யும் இருதய அறுவைச் சிகிச்சையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் 1978-ஆம் ஆண்டு கர்நாடக அரசின் 'கியோனிக்ஸ்' நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கத் தொடங்கியது. மின்னணுத் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 330 ஏக்கர் நிலத்தில் தொடங்கிய அப்பகுதியில் இன்று கண்ணாடிச் சுவர் கொண்ட அலுவலகங்களே பெரிதும் காணப்படுகின்றன. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே நெடுஞ்சாலையில், பொம்மசந்திராவில் டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயணா ஹிருதயாலயா 2001 முதல் இயங்கி வருகிறது. குறைந்த செலவில் பெரும் எண்ணிக்கையில் இருதய அறுவைச் சிகிச்சை செய்வதற்குப் பெயர் பெற்ற மருத்துவமனை அது. வெயிலுக்குக் குறைவில்லாத இப்பகுதியில், வெயில் தரும் சத்தாகிய வைட்டமின் 'டி'க்கும் இருதய அறுவைக்குப் பின் நோயாளி தேறுவதற்கும் உள்ள தொடர்பை ஆராய்வது பொருத்தமானதே.

வெயிலும் தோலும்

வைட்டமின் 'டி' உணவிலிருந்து சிறிதளவே கிடைக்கிறது. சூரிய ஒளியிலுள்ள 'புற ஊதா பி' கதிர் தோலின்மீது படும்போது உடலே அதை உண்டாக்கிக் கொள்கிறது. பின்னர் அது ஈரலில் ஒரு மாற்றமும், சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றமும் அடைந்து செயல்வடிவம் பெறுகிறது. ஈரலில் உண்டாகும் பொருளின் அளவையே இரத்தச் சோதனையில் கணக்கிடுகின்றனர். அது ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறைந்தால் பற்றாக்குறை எனக் கருதுவது பொதுவான வழக்கம்.

சாதாரணச் சன்னல் கண்ணாடி இக்கதிரை ஏறத்தாழ முற்றிலும் தடுத்துவிடுகிறது. எனவே சன்னலோரம் அமர்ந்து வேலை செய்பவருக்கு வெளிச்சமும் வெப்பமும் கிடைக்கும்; வைட்டமின் கிடைக்காது. நம் நாட்டவரின் கருநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேர வெயிலும் தேவைப்படுகிறது. பெங்களூரைப் போலவே 13 பாகை அட்சரேகையை ஒட்டி அமைந்துள்ள திருப்பதியில் டாக்டர் ஹரிநாராயண் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், வயலில் உழைக்கும் கிராமத்தாரைவிட நகரத்தாரிடம் இச்சத்து குறைந்திருந்தது. கிராமத்தாரிலும் பலருக்கு அது போதிய அளவில் இல்லை. 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, வளரிளம் பருவத்தினரில் 24 சதவீதத்தினருக்கு வைட்டமின் 'டி' பற்றாக்குறை உள்ளதெனக் கண்டது.

அறுவைக் கூடத்தில் நிகழ்வது

1953-இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன், இருதயம், நுரையீரல் ஆகியவற்றின் பணியைத் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரத்தின் துணையோடு வெற்றிகரமாக அறுவை செய்தார். நம் நாட்டில் முதல் இருதய இரத்தக்குழாய் மாற்றுவழி அறுவையை 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். இவ்வகை அறுவைகளில் மார்பெலும்பை நெடுக்காகப் பிளந்து, இறுதியில் கம்பியால் இறுக்கிக் கட்டுகின்றனர். அவ்வெலும்பு கூடுவதற்கு இரண்டு மாதங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். எலும்புக்கும் தசைக்கும் வைட்டமின் 'டி' இன்றியமையாதது என்பதால், அது குறைந்த நோயாளி மெதுவாகத் தேறுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பே. இருதயத் தசையிலும் இவ்வைட்டமினை ஏற்கும் அமைப்புகள் உள்ளன.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இயந்திரத்தின் குழாய்களை நிரப்பத் திரவம் ஊற்றப்படுகிறது. அது நோயாளியின் இரத்தத்தோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஆகவே, அறுவையின்போதோ அது முடிந்தவுடனோ எடுத்த இரத்தத்தில் வைட்டமின் அளவு வெகுவாகக் குறைந்து காணப்படும். ஒரு மணி நேரத்தில் உடல் அச்சத்தை இழந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. பாலில் நீர் கலந்தால் கொழுப்பின் விகிதம் குறைவது போன்றதே இது. அறுவைக்கு முன் எடுத்த அளவே நம்பத்தக்கது.

காரணமா, அடையாளமா?

ஜெர்மனியில் இருதய அறுவை செய்துகொண்ட 4,418 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வைட்டமின் 'டி' மிகக் குறைந்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் போன்ற விளைவுகள் மிகுந்திருந்ததாகக் காட்டியது. இத்தகைய செய்திகளைப் படித்ததும், அறுவைக்கு முன் ஓர் ஊசி போட்டால் போதுமே என்று தோன்றும். முடிவு அத்தனை எளிதன்று.

கீல்வாதக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதுற்ற ஓர் உழவரை எண்ணிப் பார்ப்போம். மூச்சுத் திணறலால் ஓராண்டாக அவர் வயலுக்குச் செல்லவில்லை, திண்ணையைத் தாண்டுவதே அரிதாயிற்று, உணவும் குறைந்தது. அறுவைக்கு வரும்போது அவருடைய வைட்டமின் அளவு குறைந்தே இருக்கும். அவர் மெதுவாகத் தேறினால், அதற்குக் காரணம் வைட்டமின் குறைவா, அல்லது அவரை வீட்டில் முடக்கிய நோயின் கடுமையா? இரண்டையும் பிரித்தறிய, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்குப் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிடுவதே தக்க வழி.

அவ்வாறு ஒப்பிட்டபோது எதிர்பார்த்த பயன் பெரும்பாலும் கிட்டவில்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தி 2018-இல் முடிவு வெளியான சோதனையில், நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் 'டி' உட்கொண்டவர்களுக்கு இருதய நோய் குறையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் நிலையிலிருந்த, வைட்டமின் குறைந்த நோயாளிகளுக்கு ஒரே வேளையில் 5,40,000 அலகு கொடுத்துப் பார்த்த மற்றொரு அமெரிக்கச் சோதனையிலும் (2019) மரணங்கள் குறையவில்லை. இருதயப் பலவீனம் முற்றிய 400 பேருக்கு மூன்றாண்டுகள் தினமும் 4,000 அலகு கொடுத்த ஜெர்மானியச் சோதனையிலோ (2017), மருந்து பெற்ற பிரிவில் இயந்திர உதவி தேவைப்பட்டோரே மிகுந்திருந்தனர். அறுவைக்குப் பின் அடிக்கடி நேரும் இருதயத் துடிப்புக் கோளாறு இவ்வைட்டமினால் குறையலாம் எனத் துருக்கியில் நடந்த சிறு ஆய்வு ஒன்று கூறுகிறது. அது ஊக்கமளிப்பது, ஆனால் சிறிய ஆய்வை நம்பிப் பொதுத் திட்டம் வகுக்க இயலாது.

செலவும் எச்சரிக்கையும்

2003-இல் கர்நாடகக் கூட்டுறவு விவசாயிகளுக்காகச் செயற்படத் தொடங்கிய 'யஷஸ்வினி' திட்டம், தொடக்கத்தில் மாதம் ஐந்து ரூபாய்ச் சந்தாவில் பெரிய அறுவைகளுக்கும் வழி செய்தது. இத்தகைய திட்டங்களில் ஒவ்வொரு சோதனையின் செலவும் கணக்கில் வரும். எல்லா நோயாளிகளுக்கும் சோதனை என்பதைவிட, முதியோர், நெடுநாள் வீட்டில் முடங்கியோர், எலும்பு அல்லது தசை வலியுடையோர் ஆகியோருக்கு மட்டும், நாள் குறித்த அறுவைக்குச் சில வாரங்கள் முன்னதாகவே சோதித்துக் குறையை நிரப்புவது பொருத்தமாகத் தோன்றுகிறது. நோக்கம் எலும்பும் தசையும் வலுப்பெறுவது. அறுவையின் ஆபத்தைக் குறைக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

அளவு மீறினாலும் தீங்குண்டு. வாரத்துக்கு 60,000 அலகு என மருத்துவர் குறிப்பிட்ட மருந்தை நாள்தோறும் உட்கொள்ளும் தவறு நேர்ந்தால், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். இருதய நோயாளிகள் பலர் உட்கொள்ளும் 'டிகாக்சின்' மருந்தோடு அச்சுண்ணாம்பு மிகுதியும் சேர்ந்தால், இருதயத் துடிப்பே தடுமாறக் கூடும். வீட்டுக்கு அனுப்பும்போது இதை நோயாளியின் குடும்பத்தாருக்கு அவர்கள் மொழியில் விளக்குவது செலவில்லாத பணி.

பற்றாக்குறையை அறுவைக் கூடத்தின் வாசலில் தீர்ப்பது காலங்கடந்த முயற்சி. 2018-இல் வெளியான உணவுச் செறிவூட்டல் விதிகளின்படி, செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம் வரை வைட்டமின் 'டி' சேர்க்கப்படுகிறது. சமையல் எண்ணெயிலும் சேர்க்கப்படுகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம் தேவை என 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிர்ணயித்தது. அரை லிட்டர் பாலும் 20 கிராம் எண்ணெயும் சேர்ந்தும் இதில் பாதியை எட்டுவதில்லை. எஞ்சியது பெரிதும் வெயிலிலிருந்தே வர வேண்டும். திருப்பதி ஆய்வுகளின்படி அதற்கு உகந்த நேரம் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. அலுவலகங்களில் பகல் உணவுக்கென விடும் இடைவேளை பெரும்பாலும் இந்நேரத்துக்குள்ளேயே அமைகிறது.