பாடகர் எழுதத் தொடங்கினார்

செண்டாயான் வட்டாரத் தோட்டக் கோயில்களில் திருவிழாவின்போது உறுமி மேளம் முழங்கினால் சிறுவர்கள் சுற்றி நின்றுகொள்வார்கள். அடிப்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த உறுமிக்குத் தோல் கட்டியவர் யார் என்று கேட்பவர் அரிது. சென்னையைச் சேர்ந்த பாடகர் ஒருவர் மிருதங்கத்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டார். விடை தேடி ஒரு நூலே எழுதினார். அவர் டி. எம். கிருஷ்ணா.

1976இல் பிறந்த கிருஷ்ணா, சீதாராம சர்மாவிடமும் பின்னர் செம்மங்குடி சீனிவாச ஐயரிடமும் கர்நாடக இசை பயின்றார். 12 வயதில் மேடையேறினார். கல்லூரியில் படித்ததோ பொருளாதாரம்! கச்சேரிகளில் புகழ்பெற்ற பிறகு நாளிதழ்களில் கட்டுரைகள் எழுதலானார். கர்நாடக இசை மேடையில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் ஆராயும் பெரிய நூலொன்றை 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தாம் பாடும் இசையையே குறைகூறுகிறாரே என்று இரசிகர்கள் சிலர் சினந்தனர். வெளியாள் ஒருவர் எழுதியிருந்தால் இவ்வளவு சினம் எழுந்திருக்காது.

2020இல் வெளிவந்த ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் மிருதங்கம் செய்வோரைப் பற்றியது. பல ஆண்டுகள் மிருதங்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பாடியவர், இப்போது குறிப்பேட்டோடு பட்டறைகளுக்குச் சென்றார்.

மிருதங்கத்தின் உடல் பலாமரத்தால் ஆனது. அதன் இரு முகங்களுக்கும் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் வேண்டும். வலப்பக்க நடுவில் தெரியும் கறுப்பு வட்டத்தை, ஒருவகைக் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிதாகப் பூசித் தேய்த்து, மறுபடியும் பூசி உருவாக்குகிறார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. எந்தத் தோல் எந்த நாதம் தரும் என்பதை அவர்களின் விரல்கள் அறியும்.

தஞ்சாவூர்ச் செபாஸ்டியனின் குடும்பத்தைச் சேர்ந்த பர்லாந்து, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்தவர். மணி ஐயர் விரும்பிய நாதம் வரும்வரை தோலை மாற்றி மாற்றிப் பார்த்த கைகள் அவருடையவை. மணி ஐயரின் பெயரை இசையுலகமே அறியும். பர்லாந்தின் பெயரோ பட்டறையைத் தாண்டவில்லை. இத்தொழிலில் உள்ளோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். தோலைத் தொட்டவர்களைச் சமூகம் தள்ளியே வைத்திருந்தது.

நூல் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாசேத்திரா, நூலின் ஒரு பகுதி நாளிதழில் வெளிவந்ததும் அனுமதியை மீட்டுக்கொண்டது. பிப்ரவரி 2ஆம் நாள், சென்னையிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. நூலின் தலைப்பில் இருப்பது அந்தத் தஞ்சாவூர்ச் செபாஸ்டியனின் பெயர்தான்.