படகு கடல்ல இருக்கா? அப்ப ‘ஈரம்’ வேண்டாம்!

தங்கச்சிகளா, பேய்ப் படம் பார்க்குறது ஒண்ணும் தப்பில்ல. நானே ஒண்ணு விடாம பார்க்குறவதான். ஆனா எந்த ராத்திரி எந்தப் படம்னு ஒரு கணக்கு வேணும். நம்ம ஜெகதாப்பட்டினத்துல விசைப்படகு போறது திங்கள், புதன், சனி. டோக்கன் வாங்கிட்டுப் போன படகு கரைக்கு வர மறுநாள் ஆயிடும். அந்த மூணு ராத்திரியும் தண்ணிப் பேயை வீட்டுக்குள்ள விடாதீங்க.

அறிவழகன் 2009-ல எடுத்த ‘ஈரம்’ எனக்கு உசுரு. செத்துப்போன பொண்ணு தண்ணி வழியாவே வருவா. ரத்தத்தைக் கொட்டாம, வெறும் ஈரத்தை வெச்சே மிரட்டியிருப்பாரு மனுஷன். அதைப் பார்க்க ஞாயித்துக்கெழம ராத்திரி இருக்கு; மீனை ஏலம் விட்டு, கணக்கு முடிச்சு, அவுக பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருப்பாக. 2025-ல வந்த ‘கிங்ஸ்டன்’ கதையும் அப்படித்தான், கடலுக்குப் போனவங்க பொணமாத் திரும்புற ஊரு. பட்டணத்துல இருக்குறவங்களுக்கு அது பொழுதுபோக்கு. காத்து, பாதிக் கடல்ல நின்னுபோற எஞ்சின், இலங்கை நேவி, இத்தனையும் நெனச்சுப் பயந்துக்கிட்டு இருக்குற நமக்கு, தனியா ஒரு கடல் பேய் எதுக்கு?

படம் பார்க்கத் தோதான காலம்னா மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். ஆம்பளைங்க வலை பின்னிக்கிட்டு வீட்டோட இருப்பாக, புள்ளைங்களுக்கும் லீவு. வருமானம் இல்லாத மாசத்துல தியேட்டர் செலவு கட்டாது, டிவியும் போனும்தான். இங்கதான் ஒரு விஷயம். பேய்ப் படத்தை டிவியில, கூட்டமா உக்காந்து பாருங்க. போன்ல ஹெட்செட் மாட்டிக்கிட்டு போர்வைக்குள்ள பார்த்தா பயம் ரெண்டு மடங்கு. ஏன்னா பேயோட பலம் பாதி சத்தத்துலதான் இருக்கு. சந்தேகமா இருந்தா ‘பீட்சா’வுல விஜய் சேதுபதி டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள சுத்துற இடத்தை மியூட்ல போட்டுப் பாருங்க. ஒரு பையன் எதையோ தொலைச்சுட்டுத் தேடுற மாதிரி இருக்கும். சின்னதுங்க மிரண்டா சேனலை மாத்த வேண்டாம், ரிமோட்டுல சத்தத்தைக் குறைச்சாப் போதும்.

மாமியாரோட பார்க்க ‘யாவரும் நலம்’. மாதவன் வீட்டுல நடக்குறதெல்லாம் டிவி சீரியல்லயும் நடக்கும். அதைப் பார்த்த மறுநாளு மாமியார் சீரியல் போடச் சொல்லலன்னா எனக்கு நன்றி சொல்லுங்க.

காமெடிப் பேயி புள்ளைங்களுக்குத் தோது. ஆனா எனக்கு அலுத்துப்போச்சு. 2014-ல ஆரம்பிச்ச ‘அரண்மனை’ 2024-ல நாலாம் பாகத்துக்கு வந்துருச்சு. நடிகைங்க மாறுறாங்க, கதை அப்படியே நிக்குது. அந்த வகையில 2011-ல வந்த ‘காஞ்சனா’ மட்டும் தனி. நிலத்தைப் புடுங்கிக் கொன்னுட்டாங்கன்னு ஒரு திருநங்கை ஆவியா திரும்பி வர்ற கதை. சரத்குமார் வந்து நிக்குறப்ப, அதுவரைக்கும் சிரிச்ச கூட்டம் பேய் பக்கம் சாஞ்சுரும். மிஷ்கினோட ‘பிசாசு’லயும் பேய் மேல பரிதாபம்தான் வரும்.

நான் ஜாக்கிரதையா இருக்கச் சொல்றது கொலைப் படத்துலதான். பேய் படத்தோட போயிரும், கொலகாரன் தெருவுல போறவன் முகத்துல வந்து உக்காந்துக்குவான். ‘ராட்சசன்’ வந்தது 2018 அக்டோபர். மறு மாசமே கஜா புயல் அடிச்சு கரண்டு இல்லாம கெடந்தோம். அந்தப் படத்தைப் பார்த்திருந்த பொம்பளப் புள்ளைங்க கொல்லைப்பக்கம் போகக்கூட துணைக்கு ஆளு கேட்டுச்சுங்க. இருந்தாலும் வயசுக்கு வந்த புள்ளைங்களோட அந்தப் படத்தைப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். கொலகாரன் விட்டுட்டுப் போற பொம்மைத் தலைக்காக இல்ல. அதுல ஒரு வாத்தியார் மாணவிங்ககிட்ட தப்பா நடந்துக்குற பகுதி வரும், அதுக்காக. அந்த இடத்துல படத்தை நிறுத்துங்க. "உனக்கு இப்படி யாராச்சும் பண்ணா என்கிட்ட சொல்லுவியா?"ன்னு கேளுங்க. பதிலுக்கு அவசரப்படுத்தாதீங்க. 1098-ங்கிற குழந்தைகள் உதவி நம்பரையும் அப்பவே சொல்லிக் குடுத்துருங்க. வெறுமனே உக்கார வெச்சுக் கேட்டா பேசாத புள்ள, படத்துல வர்ற புள்ளையைப் பத்திப் பேசும்.

சர்ட்டிபிகேட்டையும் பாருங்க. முன்ன யு/ஏன்னு ஒண்ணுதான். இப்ப அதையே 7, 13, 16 வயசுன்னு மூணாப் பிரிச்சுட்டாங்க. பதினாறு போட்ட படத்தை நாலாங்கிளாஸ் புள்ளைக்குக் காட்டிட்டு, தூங்க மாட்டேங்குதுன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஓடிடி-யில பின் நம்பர் போட்டு பூட்டுற வசதி இருக்கு, போட்டு வெச்சுக்கங்க. அந்த நம்பர் உங்க போனோட கடைசி நாலு நம்பரா இருக்க வேணாம். புள்ளைங்களுக்கு அது மனப்பாடம்.

கொலைப் படம் நல்லதா கெட்டதான்னு எப்படிப் பார்க்குறதுன்னு கேக்குறீங்களா? செத்த பொண்ணுக்கு ஒரு பேரு, வீடு, பேச்சு இருக்கான்னு பாருங்க. ஹீரோவுக்குக் கோவம் வரணுங்கிறதுக்காக மட்டும் ஒருத்தியைக் கொன்னா, நான் அதோட எந்திரிச்சு இட்லிக்கு ஊறப்போடப் போயிருவேன். போலீஸ்காரன் பறந்து பறந்து அடிக்காம, பயந்துக்கிட்டே விசாரிக்கணும். 2023-ல வந்த ‘போர் தொழில்’ல அசோக் செல்வன் அப்படித்தான், பொணத்தைப் பார்த்தாலே ஆடிப்போற போலீஸு.

இதெல்லாம் வேணாம், அப்பத்தாவும் கூட இருக்காங்கன்னா 1954-ல வந்த ‘அந்த நாள்’. எஸ்.பாலசந்தர் எடுத்தது. பாட்டே கெடையாது. கொலை ஆரம்பத்துலயே நடந்துரும். சிவாஜியைச் சுட்டது யாருன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. எங்க வீட்டுல அப்பத்தா பாதியிலயே கொலகாரனைச் சொல்லிரும். வாயை மூட வெத்தலையை மடிச்சுக் குடுத்துருங்க.