பேதியில் ரத்தம் கலந்திருந்தால்

பிள்ளைக்கு வயித்துப்போக்குன்னதும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதே தங்கச்சி. முதல்ல என்ன போகுதுன்னு பார். அருவருப்பா இருந்தாலும் பார்த்துத்தான் ஆகணும். டாக்டர் முதல்ல கேட்கிறதே அதைத்தான்.

தண்ணி தண்ணியா நிறையப் போய், வாந்தியும் இருந்தா, சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ்தான். அதுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது.

சீதபேதி வேற மாதிரி. திடீர்னு காய்ச்சல் அடிக்கும், அடிவயித்தை முறுக்கும். போறது கொஞ்சமே கொஞ்சம், அதுலயும் சளியும் ரத்தமும். எழுந்து வந்த உடனே மறுபடி வர்ற மாதிரி இருக்கும். முக்கினாலும் ஒண்ணும் வராது. இப்படி இருந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஷிகெல்லா. 1897-ல் ஜப்பானியர் கியோஷி ஷிகா கண்டுபிடிச்ச பாக்டீரியா. பெருங்குடலின் உள்சுவருக்குள்ளேயே புகுந்து புண்ணாக்கிடும். ரத்தம் வர்றது அதனாலதான். 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே போதும், நோய் வந்துடும். ஒரு பிள்ளைக்கு வந்தா ரெண்டு மூணு நாளில் அடுத்ததும் படுக்கிறது இதனாலதான். அமீபாவாலும் ரத்தபேதி வரும், ஆனா அது பெரும்பாலும் மெதுவா ஆரம்பிக்கும், காய்ச்சலும் குறைவு. எதுன்னு மலப் பரிசோதனையில்தான் உறுதியாத் தெரியும்.

ரத்தத்தைப் பார்த்தா அன்னைக்கே டாக்டரிடம் போ. பேதியை நிறுத்துற லோபரமைடு மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதே. அது குடலோட அசைவைக் கட்டிப்போடும், கிருமி வெளியேறாம உள்ளேயே தங்கும். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கையும் எடுக்காதே. பல மருந்துகளுக்கு ஷிகெல்லா இப்போ மசியறதில்லை. எந்த மருந்து கேட்கும்னு பார்க்கிற மலக் கல்ச்சர் டெஸ்ட் வேணுமான்னு டாக்டரிடம் கேளு. வேணும்னா முதல் டோஸுக்கு முன்னாடியே சாம்பிள் கொடுத்துடு.

பேதி நிக்கிற வரைக்கும் ஓ.ஆர்.எஸ். கொடு. ஒரு லிட்டர் பாக்கெட்டுன்னா முழுசையும் கொதிக்க வெச்சு ஆறின ஒரு லிட்டர் தண்ணியில கரை. பாதி பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கிறதைப் பார்த்தா எனக்குப் பதறும், உப்பு கூடினா பிள்ளைக்கு ஆபத்து. 24 மணி நேரம் ஆனா மிச்சத்தைக் கொட்டிடு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனா கொடு. டெட்ரா பேக்கில் வர்ற இனிப்பு பானத்தை நம்பாதே. உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். பேரைப் போடக் கூடாதுன்னு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டிருக்கு. டாக்டர் ஜிங்க் கொடுத்தா, பேதி நின்ன பிறகும் சொன்ன நாள் வரைக்கும் கொடு. தாய்ப்பாலை நிறுத்தாதே. கஞ்சி, இட்லி, மோர் சாதம் கேட்டா தாராளமா கொடு. வயித்தைக் காயப்போடுறது பழைய பழக்கம், வேண்டாம்.

ஆறு மணி நேரமா சிறுநீர் போகலை, அழுதா கண்ணீர் வரலை, கண் உள்ளே போயிடுச்சு, கூப்பிட்டா சோர்ந்து கிடக்குது, வலிப்பு வருது... இதில் ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பார்க்காதே, 108-ஐக் கூப்பிடு.

பேதி நின்ன பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வந்துட்டே இருக்கும். அதுவரைக்கும் கழுவி விட்டதும் சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள்ள போகணும். பிள்ளையோட டம்ளரைத் தனியா வை.