பழைய தையல் இயந்திரமும் நாமும்



தறியோசை கேட்டு வளரும் அம்மாபேட்டைப் பிள்ளைகளுக்கு நூலின் அருமையை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவு, ஊடை, தார், நாடா என்னும் சொற்கள் நம் வீட்டுச் சொற்கள். ஆனால், நெய்த துணியை உடையாக்கித் தரும் தையல் இயந்திரத்தை நாம் அந்த அளவுக்கு அறிந்திருக்கிறோமா?

பாட்டி காலத்துக் கால் மெஷின் ஒன்று இன்னும் பல வீடுகளில் மூலையில் நிற்கிறது. அதன் மேல் துணி மூட்டை ஏறியிருக்கும். மிதியில் ஒட்டடை படிந்திருக்கும். ஒரு நாள் பழைய இரும்புக்காரர் வருவார்; எடைக்குப் போய்விடும். அப்படிப் போடுவதற்கு முன், போடுவது இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டாமா? அதற்கே இக்கட்டுரை.

பிறந்த கதை

பிரான்சு நாட்டில் பார்த்தலெமி திமோனியே என்னும் தையற்காரர் 1830ஆம் ஆண்டு தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். பாரிசு நகரில் அவருடைய இயந்திரங்கள் படைவீரர்களுக்குச் சீருடை தைத்தன. தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தார்கள். திமோனியே 1857இல் வறுமையிலேயே மறைந்தார்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் மெரிட் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர். ஹோவின் இயந்திரத்தில் இருந்த சிறப்பு என்ன? கை ஊசிக்குக் காது பின்புறம் இருக்கும். இயந்திர ஊசிக்குக் காது முனையருகே இருக்கும். இந்தச் சிறு மாற்றமே பெரிய கதவைத் திறந்தது. சிங்கர் நிறுவனம் 1850களில் தவணை முறையில் விற்பனையைத் தொடங்கியது. கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பத்துக்கும் இயந்திரம் எட்டியது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கர் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1930களில் கல்கத்தாவில் ‘உஷா’ பிறந்தது. நம் நாட்டு இயந்திரமும் வீடுகளில் இடம் பிடித்தது.

இரண்டு நூல்களின் பூட்டு

தையல் விழுவது எப்படி? ஊசி மேல் நூலுடன் துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. அடிவரை சென்று சற்றே மேலெழும்போது, நூல் ஊசியின் பக்கத்தில் சிறு வளையமாக விரிகிறது. அந்த நொடியில் கீழே உள்ள கொக்கி வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல் நூலின் வளையத்துக்குள் கீழ் நூல் அகப்படுகிறது. மேலே உள்ள நூலிழுக்கும் கை உடனே எழுந்து அதை இறுக்குகிறது. ஒரு தையல் முடிந்தது!

மிகப் பழைய சில இயந்திரங்களில் வட்டப் பாபின் இராது. சிறு படகு போன்ற ஒன்று முன்னும் பின்னும் ஆடும். அதற்குள் நீண்ட ஒல்லியான பாபின் கிடக்கும். பார்த்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றும்? தறியின் நாடாவும் அதனுள் இருக்கும் தாரும் அல்லவா! நாடா பாவு நூல்களுக்கிடையே ஓடித் துணியாக்குகிறது. இப்படகு நூல் வளையத்துக்குள் ஓடித் தையலாக்குகிறது. தறியை அறிந்த பெண்ணுக்கு இவ்வியந்திரம் அந்நியமன்று.

ஒரு சோதனை செய்து பாருங்கள். மேலே வெள்ளை நூலும் பாபினில் சிவப்பு நூலும் கோத்துத் தையுங்கள். பூட்டு துணியின் நடுவில் விழுந்தால் மேலே வெள்ளை மட்டும், கீழே சிவப்பு மட்டும் தெரியும். மேலே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல் நூல் அதிக இறுக்கம். கீழே வெள்ளை வளையங்கள் தெரிந்தால் மேல் நூல் தளர்ச்சி.

காந்தியடிகளின் விலக்கு

இயந்திரங்கள் அனைத்தையும் காந்தியடிகள் வெறுத்தாரா? 1924இல் இராமச்சந்திரன் என்னும் இளைஞர் அவரிடம் இதைக் கேட்டார். அந்த உரையாடல் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்தது. சிங்கர் தையல் இயந்திரத்துக்கு அண்ணல் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் கண்ட அன்பில் பிறந்த கருவி அது என்பது அவர் சொன்ன காரணம். சிங்கரின் உண்மை வரலாற்றில் வணிகமும் வழக்குகளும் நிறைய உண்டு. ஆயினும் அண்ணல் சுட்டிய கருத்து நிற்கிறது: மனிதரின் உழைப்பைக் குறைத்து, அவரை வேலையிலிருந்து விரட்டாத கருவி நல்ல கருவி. கேள்வி கேட்ட அந்த இளைஞரே பின்னாளில் 1947இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

உங்கள் இயந்திரத்தின் வயது என்ன?

பழைய சிங்கர் இயந்திரத்தின் அடித்தட்டில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1900ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டதாயின் எண்ணுக்கு முன் ஓரிரு எழுத்துகள் இருக்கும். எழுத்தையும் எண்ணையும் கொண்டு எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டு வாக்கில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். நம் நாட்டில் காணும் பழைய சிங்கர்கள் பல ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் ஊரில் செய்யப்பட்டவை. 1885 முதல் 1980 வரை அங்கே தொழிற்சாலை நடந்தது. தொழிற்சாலை மறைந்தாலும் அங்குள்ள இரயில் நிலையத்துக்கு இன்றும் ‘சிங்கர்’ என்றே பெயர்!

காக்கும் முறை

1. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் பிசின்போல் கெட்டியாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். துளைக்கு ஒரு துளி போதும்.

2. ஊசித்தட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே அடைந்த பஞ்சைத் தூரிகையால் எடுக்க வேண்டும். தையல் கெடுவதற்கு இப்பஞ்சே பெரும்பாலும் காரணம்.

3. ஊசியின் ஒரு பக்கம் நீண்ட பள்ளம் உண்டு. நூல் நுழையும் பக்கத்தில் பள்ளம் இருக்குமாறு ஊசியைப் பொருத்த வேண்டும். மாற்றிப் பொருத்தினால் தையல் விழாது.

4. கறுப்பு உடலில் உள்ள பொன்னிறச் சித்திரத்தை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அழிந்துவிடும். மெஷின் எண்ணெய் தொட்ட மென்துணி போதும்.

5. தோல் பெல்ட் தளர்ந்தால் சிறிது வெட்டி மீண்டும் கொக்கியிடலாம். புதிய பெல்ட்டும் விலை குறைவே.

வதந்திக்கு இடங்கொடாதீர்

2009இல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் இயந்திரத்தில் ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறதாம். அதற்குக் கோடி விலையாம்! மக்கள் இயந்திரங்களைத் தேடி அலைந்தார்கள். உண்மையில் அதனுள் வார்ப்பிரும்பும் எஃகும்தான் உண்டு. இத்தகைய ஆசை வார்த்தை சொல்லி யாரேனும் வந்தால் பெரியவர்களிடம் தெரிவியுங்கள்.

முடிவுரை

அப்படியானால் பழைய இயந்திரத்தின் உண்மை மதிப்பு எது? அதன் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பழுது வந்தால் திருப்புளி ஒன்றைக் கொண்டு பெரும்பாலும் நாமே சரிசெய்யலாம். மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஓடும். ஆதரவற்ற பெண்களுக்குத் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறதே, ஏன்? ஓர் இயந்திரம் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியவைக்கும் என்பதால்தான்.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது முதுமொழி. கிழிந்ததைத் தைத்தும் கட்டலாம் அல்லவா? ஆகவே தோழியரே, இந்த விடுமுறையில் வீட்டு மூலையில் உள்ள மெஷினின் மேலிருக்கும் மூட்டையை இறக்குங்கள். தூசி துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் பத்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். சக்கரம் இலகுவாகச் சுழலத் தொடங்கினால், கற்றுக்கொள்ள ஒரு கைத்தொழில் உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறது என்று பொருள். இரும்பு விலைக்கு அதை விற்றுவிடாதீர்கள்!