நெருக்கமும் தொலைவும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடம் மலையின் அடிவாரத்தில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்ட ஊர் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள் அங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றன. அதே மாவட்டத்தின் கழக்கூட்டத்தில், 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்கா உள்ளது. இரண்டு இடங்களுக்கும் இணையம் தேவை. ஆயினும், அதனைக் கொண்டுசேர்ப்பதில் எழும் இடர்ப்பாடு ஒன்றன்று. மக்கள் திரளும் இடத்தில் நெருக்கம் இடராகும். மலையூரில் தொலைவு இடராகும்.

நெருக்கத்தின் இடரைப் பெரிய தொழில்நுட்ப மாநாடுகளில் தெளிவாகக் காணலாம். 3,000 பேர் கூடும் மாநாடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் கைப்பேசியும் மடிக்கணினியும் இருப்பின், 6,000 கருவிகள் இணையத்தை நாடும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி எண் வேண்டும். வீட்டு வைஃபை கருவி வழக்கமாக ஏறத்தாழ 250 எண்களையே வழங்கும். எனவே, பொறியாளர்கள் எண்களை முன்னரே கணக்கிட்டு ஒதுக்குகின்றனர்.

வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச இயலும். வகுப்பில் அனைவரும் உரக்கப் பேசினால் எவர் பேச்சும் கேளாது. மெல்லப் பேசினால் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே உரையாடலாம். அவ்வாறே, ஆற்றல் மிக்க ஒரு கருவிக்கு மாறாக, ஆற்றல் குறைந்த பல கருவிகள் அரங்கெங்கும் வைக்கப்படுகின்றன. தடங்கள் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் பயன்படுத்தப்படுகிறது. மனித உடலிலுள்ள நீர் அலைகளை உறிஞ்சுவதால், வெற்றரங்கில் நன்கு இயங்கிய இணையம் கூட்டம் நிறைந்ததும் தளரக்கூடும். இதனையும் கருதியே திட்டமிடுகின்றனர். ஒரு கம்பி அறுந்தாலும் பணி நில்லாதிருக்க, வேறு வழியில் இரண்டாம் கம்பியும் கொண்டுவரப்படுகிறது.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் மீக்கணினி மாநாட்டிற்கு, 1991 முதல் எஸ்சிநெட் என்னும் வலையமைப்பைத் தன்னார்வலர்கள் அமைத்து வருகின்றனர். பல மாதங்கள் திட்டமிட்டு அமைப்பதைச் சில நாள்களிலேயே கழற்றிவிடுகின்றனர்.

மலையூர்களின் நிலை வேறு. அங்குக் கருவிகள் சில. ஆனால், கோபுரத்திலிருந்து வரும் அலையை மலைமுகடு மறைக்கும். சில வீடுகளுக்காக நெடுந்தொலைவு கம்பி இழுக்கச் செலவும் மிகும். 2020ஆம் ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையம் இல்லாத மாணவரையும் எண்ணி, கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. பின்னர், 2023 ஜூன் 5 அன்று கேஃபோன் என்னும் அரசு ஒளியிழை வலையமைப்பு தொடங்கப்பட்டது. மின்கம்பங்களின் வழியே ஒளியிழையைக் கொண்டுசெல்வது இதன் முறை. 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு வழங்குவது இதன் இலக்கு.

மாநாட்டில் இணையம் நின்றால் சில மணி நேரப் பணி கெடும். மலையூரில் அது எட்டாவிடில் ஒரு மாணவரின் கல்வியே தடைப்படும். சில நாள் கூட்டத்திற்குச் செலுத்தும் அதே கருத்தினை, நிலையாக வாழும் மக்களுக்கும் செலுத்துதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
இடர்ப்பாடு – தடை, துன்பம்
முகடு – உச்சி
ஒளியிழை – ஒளியின் வழியே செய்தி கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை

பயிற்சி
1. அரங்கில் ஆற்றல் குறைந்த பல கருவிகளை வைப்பது ஏன்?
2. ‘நெருக்கம்’ என்பதன் எதிர்ச்சொல்லைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.
3. உம் ஊரில் இணையம் எவ்வழியாக வருகிறது? கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.